கொழும்பும் ஒரு கஷ்டப் பிரதேசமே

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. இவ்விரண்டையும் செய்து முடித்தவன் உலகத்தின் கஷ்ட நட்டங்களை ஒருவாறு அறிந்தவனாவான் என்பது அதன் கருத்து. இதனை ஆக்கியோர் கிராமத்தில் வாழ்ந்தவர்கள். மாதச் சம்பளம் ஒன்றையே நம்பிக் கொழும்பு மாநகரில் வாடகைக்கு வீடு தேடும் நிலை அவர்களுக்கு வாய்க்கவில்லை. வாய்த்திருக்குமாயின் பழமொழியில் மூன்றாவது உறுப்பொன்றையும் சேர்த்தே நமக்கு விட்டுச் சென்றிருப்பார்கள்.

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். நான் ஓய்வுபெற்ற 2008 ஆம் ஆண்டில் அவர் வடமராட்சியில் ஏழாம் வகுப்பில் என்னிடம் கணிதம் கற்றவர். பின்னர் பல்கலைக்கழகம் புகுந்து, அதே கணிதத்திற் பட்டம் பெற்று, ஆசிரிய நியமனமும் பெற்று, இப்பொழுது கொழும்பிலே தமிழ் மொழிமூலப் பாடசாலையொன்றிற் கற்பிக்கிறார். வெள்ளவத்தையில் நான் என் மகளோடு வாழும் வீட்டிலிருந்து அவருடைய அறைக்குப் பத்து நிமிட நடை. தேநீர் அருந்தி முடியும்வரை ஊர்ப்புதினம் பேசிக்கொண்டிருந்தவர், கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சற்றே கூச்சத்துடன் கேட்டார்:

"சேர், எனக்குக் கணக்குப் படிப்பிச்சது நீங்கள். என்ரை சம்பளத்திலை கொழும்பிலை ஒரு வீடு எடுக்கலாமோ எண்டு நீங்களே ஒருக்காச் செய்து பாத்துச் சொல்லுங்கோ."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆதலால் ஒரு தாளை எடுத்து இருவருமாகக் கணக்கைச் செய்யத் தொடங்கினோம்.

பிடிப்புகள் யாவும் போக அவர் கைக்கு வருவது ஏறத்தாழ 65,000 ரூபா. வருமானத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வாடகைக்குப் போகலாகாது என்பது குடும்பம் நடத்துவோர் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு. அந்த அளவின்படி அவர் கொடுக்கக்கூடிய வாடகை 21,000 ரூபாவுக்குச் சற்று மேல். இப்பொழுது அவர் தங்கியிருக்கும் அறையின் வாடகையோ 25,000 ரூபா. அந்த அறையிலே ஒரு கட்டில், ஒரு மேசை, காற்று வராத ஒரு சன்னல் ஆகியவை உள. குளியலறை வேறு மூவருக்கும் பொது. சமைப்பதற்கு அனுமதியில்லை. ஆக, தனியொருவராய், கடையிலே உண்டு, கட்டிலொன்றுக்கு மட்டும் கூலி கொடுக்கும்போதே அவர் அந்த அளவைத் தாண்டிவிட்டார்.

அவர் விரும்புவது கட்டிலன்று, வீடு. ஊரிலே அவருடைய மனைவியும் பதினான்கு மாதக் குழந்தையும் இருக்கின்றனர். அவர்களை அழைத்துவர வேண்டுமென்பது அவர் ஆசை. இது பேராசையென்று எவரும் கூறார்.

மறு வாரம் நானும் அவருடன் வீடு பார்க்கச் சென்றேன். முதியவர் ஒருவர் கூட வந்தால் வீட்டுக்காரருக்கு நம்பிக்கை உண்டாகும் என்று அவர் கருதினார். எனக்கும் பொழுது இருந்தது. காலி வீதியின் இருமருங்கிலும் கடற்கரைப் பக்கமாகவும் வாய்க்காற் பக்கமாகவும் ஒழுங்கை ஒழுங்கையாக நான்கு நாட்கள் நடந்தோம். எங்களிடம் கேட்கப்பட்ட தொகைகளை மட்டும் இங்கே தருகிறேன். எல்லா வீட்டுக்கும் இதுவே விலையென்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு படுக்கையறை கொண்ட மாடிவீடு ஒன்றுக்கு 110,000 ரூபா. பழைய வீடொன்றின் பின்புறத்தை மறித்துக் கட்டிய, ஓர் அறையும் சிறு குசினியும் கொண்ட அனெக்ஸுக்கு 45,000 ரூபா. தெஹிவளையில், பஸ் தரிப்பிடத்திலிருந்து இருபது நிமிடம் உள்ளே நடக்க வேண்டிய இடத்தில், கூரை ஒழுகும் அறிகுறியுள்ள இன்னொன்றுக்கு 35,000 ரூபா. எங்கும் ஆறு மாதத்துக்குக் குறையாத முற்பணம். சிலர் ஓராண்டு வாடகையை ஒருமிக்கக் கேட்டனர். தரகருக்கு அரைமாத வாடகை வேறு.

அந்த 45,000 ரூபா அனெக்ஸையே எடுத்துக்கொள்வோம். சம்பளத்தில் நூற்றுக்கு அறுபத்தொன்பது பங்கு வாடகைக்குப் போகிறது. எஞ்சுவது 20,000 ரூபா. முப்பது நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு அறுநூற்று அறுபத்தாறு ரூபா. இதற்குள் மூவர் உண்ண வேண்டும். மின்சாரம், தண்ணீர், குழந்தையின் பால்மா, பஸ் கட்டணம், மருந்து எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஊரிலுள்ள தாய் தந்தையருக்கு எதுவும் அனுப்பலாகாது. எவருக்கும் காய்ச்சல் வரலாகாது. ஆறு மாத முற்பணமோ 270,000 ரூபா. நான்கு மாதச் சம்பளத்தை ஒரு சதமும் செலவழியாது சேர்த்துவைத்தாலும் அத்தொகைக்கு எட்டாது. உண்ணாமல் நான்கு மாதம் இருக்கக் கற்ற ஆசிரியர் எவரும் உளராயின் அவருக்கு வீடு எதற்கு?

கணக்கை முடித்த பின்னும் என் மனத்தை உறுத்திக்கொண்டிருப்பது இந்த எண்களன்று, மூன்றாம் நாள் தரகரொருவர் கேட்ட கேள்வி. "தம்பி என்ன வேலை?" என்று முதலிற் கேட்டார். ஆசிரியர் என்று விடை வந்ததும் அவர் முகத்திலிருந்த உற்சாகம் தணிந்தது. கையிலிருந்த சிறு கொப்பியை மூடிக்கொண்டே, "வெளியிலை ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார். வெளிநாட்டிலே பணம் அனுப்பத்தக்க உறவினர் எவரேனும் உளரா என்பது பொருள். எவருமில்லை என்றார் என் மாணவர். தரகர் கொப்பியை மீண்டும் திறக்கவில்லை.

அந்த ஒரு கேள்வியில் வெள்ளவத்தையின் வாடகைச் சந்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. இங்கே வாடகை இந்நாட்டுச் சம்பளத்தை நோக்கி நிர்ணயிக்கப்படுவதில்லை. தொரொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் உழைக்கும் அண்ணன் தங்கையரின் அனுப்பற் பணத்தை நோக்கியே அது நிர்ணயமாகிறது. நான் வாழும் வீடும் அப்படி வந்ததே. மகளும் மருமகனும் உழைத்தார்களெனினும், கனடாவிலிருக்கும் மருமகனின் தமையனார் கைகொடுத்திராவிடின் அவ்வீட்டை வாங்கியிருக்க இயலாது. இதை மறைத்துக்கொண்டு பிறருக்குப் பொருளாதாரம் போதிக்க நான் விரும்பவில்லை. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தை மணியோடர்ப் பொருளாதாரம் என்று கேலி செய்தார்கள். கொழும்பிலே உத்தியோகம் பார்த்தவன் ஊருக்குப் பணம் அனுப்பினான். இன்றோ கொழும்பில் உத்தியோகம் பார்ப்பவன் கொழும்பிலேயே இருப்பதற்கு அவனுக்கு வேறொருவர் பணம் அனுப்ப வேண்டியிருக்கிறது.

எக்காலத்திலும் இப்படித்தான் இருந்தது என்று சொல்வோருக்கு என் அனுபவத்தைக் கூறுகிறேன். 1971 இல் யாழ்தேவியில் வந்து கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கியபோது என் கையில் ஒரு தகரப் பெட்டியும் நியமனக் கடிதமும் மாத்திரமே இருந்தன. வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்திருந்தோம். இருவர் இலிகிதர், இருவர் ஆசிரியர், ஒருவர் தபால் உத்தியோகத்தர். சமையலுக்கு ஒருவர். 'சமறி' என்று அந்நாளில் வழங்கிய கூட்டுக் குடித்தனம் அது. வாடகையில் என் பங்கு சம்பளத்தில் ஏறக்குறைய எட்டிலொன்று. மணமான பின் தனியே சிறு வீடெடுத்தபோதும் அது மூன்றிலொன்றைத் தாண்டவில்லை. வசதியான வாழ்வென்று அதனைக் கூறமாட்டேன். ஆனால் மாலை நான்கு மணிக்குப் பின் பொழுது என்னுடையதாயிருந்தது. புத்தகம் வாங்கினேன். கூட்டங்களுக்குப் போனேன். மறுநாட் பாடத்தை ஆயத்தஞ் செய்தேன். அந்த ஒழுங்கை வீடு 1983 ஜூலையில் எரிந்தது. இன்று அவ்விடத்தில் எட்டு மாடிக் கட்டடம் நிற்கிறது.

கொழும்பிலே தமிழனுக்கு வாடகைக் கூரையென்பது பணத்தால் மட்டும் அளக்கப்பட்டதன்று என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். போர்க்காலத்தில் வீட்டிலுள்ளோரின் பெயர்களைப் பொலிஸில் பதிந்து, அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உறங்கினோம். 2007 ஜூனில் விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் இரவோடிரவாகப் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டதையும், உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனைத் தடுத்ததையும் நாம் மறந்துவிடவில்லை. போர் 2009 இல் முடிந்தது. வாசலில் நின்று பத்திரம் கேட்பவர் போய்விட்டார். இப்பொழுது வாசலில் நிற்பது முற்பணம். இரண்டையும் நான் ஒப்பென்று கூறவில்லை. ஆயினும் இந்நகரம் தனக்கும் உரியதென்று எண்ணும் உரிமையை ஓர் இளைஞர் இழப்பதற்கு இன்றைய காரணம் இதுவாயிருக்கிறது.

இனி, இந்நிலைக்கு யாரைக் குறை கூறுவது? வீட்டுக்காரரைத் திட்டுவது எளிது. நான்காம் நாள் நாங்கள் சந்தித்த வீட்டுக்கார அம்மையார் எழுபது வயதைக் கடந்தவர். கணவரை இழந்தவர். ஓய்வூதியம் இல்லாதவர். "தம்பி, நீங்கள் நல்ல பிள்ளையாத் தெரியுது. ஆனா இந்த வாடகையிலைதானே என்ரை மருந்தும் சாப்பாடும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. 2022 ஆம் ஆண்டில் டொலரொன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேற் சென்றது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதைத் தொட்டது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் அது நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கியதென்று மகிழ்ந்தோம். இறங்கியது விலையன்று, விலை ஏறும் வேகம். ஏறிய விலை ஏறிய இடத்திலேயே அமர்ந்திருக்கிறது. அம்மையாரின் மருந்தும் அங்கேதான் அமர்ந்திருக்கிறது.

வாடகையைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். இது புதிய யோசனையன்று. 1948 இலேயே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்நாட்டில் இருந்தது. 1972 இன் வாடகைச் சட்டம் குடியிருப்போருக்கு மேலும் வலிய பாதுகாப்பை அளித்தது. 1973 இல் ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளின் எண்ணிக்கைக்கே எல்லை வகுக்கப்பட்டது. நோக்கம் நல்லது. ஏழைக் குடியிருப்பாளர் பலர் அதனால் நன்மையடைந்தனர் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் விளைவு இருவகைப்பட்டது. ஏற்கனவே வீட்டிற்குள் இருந்தவர் பாதுகாப்புப் பெற்றார். வெளியே நின்று வீடு தேடியவருக்குக் கதவு அடைபட்டது. ஒருமுறை வாடகைக்கு விட்டால் வழக்காடி மீட்பதற்குள் ஆயுள் முடிந்துவிடும் என்றஞ்சிய வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டி வைத்தனர், அன்றேல் உறவினருக்கு மாத்திரம் கொடுத்தனர். பின்னர் வந்த திருத்தங்கள் இக்கட்டைத் தளர்த்தின. 2023 இல் வந்த சட்டம் குத்தகை முடிந்த வீட்டை உரிமையாளர் விரைவில் மீட்க வழி செய்தது. ஊசலாடும் தட்டொன்று ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்குப் போயிருக்கிறது. ஆதலால் வாடகையை உறைய வைப்பதே தீர்வென்று நான் எழுதப்போவதில்லை. அவ்வாறு செய்தால் அம்மையார் மருந்தை இழப்பார், என் மாணவர் வீட்டையும் பெறமாட்டார்.

அப்படியாயின் சம்பளத்தை உயர்த்துவதா? உயர்த்தத்தான் வேண்டும். 2021 ஜூலை தொடக்கம் ஒக்டோபர் வரை நாடெங்கும் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடியது சம்பள முரண்பாட்டுக்காகவே. 2025 இன் வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்க ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவுக்கு உயர்த்தப்படுமென்று கூறப்பட்டது. ஆயினும் முன்னர் வழங்கிய படிகள் சில அதனுள் அடக்கப்பட்டதால் உண்மையான கூடுதல் 8,250 ரூபாவே. அதுவும் 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என மூன்று தவணைகளில். திறைசேரியின் நிலையை அறிந்தவர்கள் இதற்கு மேல் உடனே கேட்கத் துணியார். நானும் கேட்கவில்லை. நான் கேட்பது வேறொன்று.

நமது கல்வி நிருவாகத்திலே 'கஷ்டப் பிரதேசம்' என்றொரு வகுப்பு உண்டு. போக்குவரத்தில்லாத, வைத்தியசாலை தொலைவிலுள்ள, தங்குமிடம் அரிதான ஊர்ப் பாடசாலைகளைக் கஷ்டப் பிரதேசப் பாடசாலைகள் என வகுத்து, அங்கே சேவை செய்வோருக்குத் தனிப்படியும் இடமாற்றத்தில் சில சலுகைகளும் கொடுக்கிறார்கள். மிக நியாயமான ஏற்பாடு. ஒரே சம்பளம் எல்லா ஊரிலும் ஒரே வாழ்வைக் கொடுக்காது என்ற உண்மையை அரசாங்கமே ஏற்றுக்கொண்டதற்கு இது சான்று. அவ்வுண்மையை ஏற்றுக்கொண்டவர்கள் அதன் மறுபாதியையும் ஏற்க வேண்டாமா? முல்லைத்தீவின் உட்கிராமமொன்றில் ஆசிரியரொருவர் பஸ்ஸின்றித் துன்புறுகிறார். கொழும்பில் இன்னொருவர் கூரையின்றித் துன்புறுகிறார். வெளியூரிலிருந்து நியமனம் பெற்று வருகின்ற, சொந்த வீடில்லாத ஆசிரியரைப் பொறுத்தவரை கொழும்பும் ஒரு கஷ்டப் பிரதேசமே. அவருக்கு வீட்டுப்படியொன்று வழங்கப்பட வேண்டும். கொழும்பிற் சொந்த வீடுள்ளவருக்கு அது வேண்டியதில்லை. ஆகவே செலவும் அளவுக்குட்பட்டதாகும்.

இதற்கு எதிராகக் கூறப்படக்கூடிய இரண்டு வாதங்களை நான் அறிவேன். ஒன்று, வசதியில்லையென்றால் ஊருக்கே போய்க் கற்பிக்கட்டுமே என்பது. கொழும்பின் தமிழ் மொழிமூலப் பாடசாலைகளில் மாடிவீட்டுப் பிள்ளைகளே படிக்கிறார்கள் என்றெண்ணுவோர் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு முறை சென்று பார்க்க வேண்டும். துறைமுகத்திலும் புறக்கோட்டைக் கடைகளிலும் கூலிவேலை செய்வோரின் பிள்ளைகள், மலைநாட்டிலிருந்து வந்து வீட்டுவேலை செய்யும் தாய்மாரின் பிள்ளைகள் அங்கே படிக்கின்றனர். பணமுடையோர் தம் பிள்ளைகளைச் சர்வதேசப் பாடசாலைகளுக்கு அனுப்பிவிட்டனர். கணித ஆசிரியர் ஊருக்குத் திரும்பிப் போனால் இழப்பு யாருக்கு என்பதை விளக்க வேண்டியதில்லை.

மற்றைய வாதம், ஆசிரியருக்கு மட்டும் என்ன சிறப்பு என்பது. எழுதுவினைஞருக்கும் இதே துன்பம் உண்டு. அவருக்கும் வேண்டுமென்றே நான் சொல்வேன். ஆனால் பொலிஸாருக்குத் தங்குமிடம் உண்டு, தாதியருக்கு விடுதி உண்டு. மலைநாட்டுத் தோட்டப் பாடசாலைகள் சிலவற்றிலும் ஆசிரியர் விடுதியைக் காண்கிறோம். தலைநகரத்து ஆசிரியருக்கு மாத்திரம் அப்படி எதுவும் நினைக்கப்படவில்லை. அவர் இங்கேயே பிறந்தவர் என்றோ, யாருடைய வீட்டிலாவது ஒட்டிக்கொள்வார் என்றோ எண்ணிவிட்டார்கள்போலும்.

அரசாங்கத்தை மட்டும் நோக்கி விரல் நீட்டுவதும் முறையன்று. நமது பாடசாலைகளுக்குப் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. கடல் கடந்த நாடுகளிலும் அவற்றுக்குக் கிளைகள் உள. மண்டபம் கட்டுகிறார்கள், நுழைவாயில் கட்டுகிறார்கள், நீச்சற் குளமும் கட்டுகிறார்கள். கட்டியவற்றில் பெயர்ப் பலகையும் பதிக்கிறார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கைக்கொண்டு, பாடசாலைக்கு அருகே ஆறு குடும்பங்கள் தங்கத்தக்க ஆசிரியர் இல்லமொன்றைக் கட்டி, நியாயமான வாடகைக்குக் கொடுத்தாலென்ன? அதன் நெற்றியில் எவ்வளவு பெரிய பெயர்ப் பலகையையும் பதித்துக்கொள்ளட்டும், நாம் ஆட்சேபிக்கமாட்டோம். முற்பணத்தைப் பொறுத்தவரையில், பெற்றோரும் பழைய மாணவரும் சேர்ந்து சுழல்நிதியொன்றை அமைத்து, புதிதாக வரும் ஆசிரியருக்கு வட்டியின்றிக் கொடுத்து மாதந்தோறும் சம்பளத்திலிருந்து மீளப் பெறலாம். வாடகை கொடுக்க வல்லவரையும் வாசலிலேயே நிறுத்திவிடுவது முற்பணமே. தெஹிவளையில் 35,000 ரூபா வீட்டையாவது என் மாணவர் எடுத்திருக்கக்கூடும். அதன் முற்பணம் 210,000 ரூபாவை அவர் எங்கே தேடுவார்?

இதில் இவ்வளவு அக்கறை ஏனென்று வாசகர் கேட்கலாம். வாடகைக் கணக்கு வீட்டோடு முடிவதில்லை என்பதே என் விடை. 1942 இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் என் மாணவரின் அறையிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே இருக்கிறது. மாணவப் பருவத்திலே கவிதை எழுதியவர் அவர். கொழும்புக்கு வந்து மூன்றாண்டுகளாகின்றன. இதுவரை ஒரு கூட்டத்துக்கேனும் அவர் போனதில்லை. அங்கேயுள்ள நூலகத்துக்குள் நுழைந்ததில்லை. மாலையில் அவருக்குப் பொழுதில்லை. வார இறுதியிலோ, மாதத்துக்கொருமுறை இரவு பஸ்ஸில் ஊருக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு மறு இரவே திரும்புகிறார். இளந் தலைமுறையினர் கூட்டங்களுக்கு வருவதில்லை, நூல்கள் வாங்குவதில்லை என்று நம் இலக்கிய நண்பர்கள் மேடைதோறும் வருந்துகிறார்கள். வருந்துவோர் அவ்விளைஞரின் வாடகைப் பற்றுச்சீட்டையும் ஒருமுறை வாங்கிப் பார்ப்பார்களாக.

நான்காம் நாள் மாலை, வீடு எதுவும் அமையாமல், கடற்கரைப் புகையிரதப் பாதையோரமாக நடந்து திரும்பினோம். அப்பொழுது அவர் கேட்டார்:

"சேர், என்ரை வகுப்புப் பிள்ளையளுக்கே பின்னேரத்திலை ரியூசன் குடுக்கச் சொல்லி ரெண்டு மூண்டு பேர் கேக்கினம். குடுத்தால் வீடு எடுக்கலாம். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

இவ்வினாவுக்கு விடை சொல்ல எனக்கு ஒரு கணமும் தேவைப்பட்டிருக்கக் கூடாது. பகலில் அரசாங்கச் சம்பளத்துக்குக் கற்பித்த பிள்ளைக்கே மாலையில் பணம் பெற்றுக் கற்பிப்பது தகாதென்று முப்பத்தேழாண்டு சேவையிலும் சொல்லி வந்தவன் நான். 1945 இல் தொடங்கிய இலவசக் கல்வி என்னும் பெருங்கொடையைக் கொல்லைப்புறமாக விற்றுவிடும் செயல் அது என்று ஆசிரியர் கூட்டங்களிலே பேசி, சகபாடிகளின் பகையையும் தேடிக்கொண்டவன். பகலில் அரைகுறையாகச் சொல்லி மாலையில் முழுவதாகச் சொல்லும் பழக்கம் எப்படி மெல்ல மெல்ல ஒருவரைப் பற்றிக்கொள்கிறது என்பதைக் கண்ணாற் கண்டவன். கொட்டாஞ்சேனைப் பிள்ளையால் அந்த மாலை வகுப்புக்குப் பணங்கொடுக்க இயலாதென்பதையும் நான் அறிவேன். இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் அன்று மாலை நான் வாய் திறக்கவில்லை. "யோசிச்சுச் செய், தம்பி" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

நான் ஏன் பேசாதிருந்தேன் என்று பின்னர் பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். சம்பளத்தில் எட்டிலொரு பங்கை வாடகையாகக் கொடுத்தவன், நூற்றுக்கு அறுபத்தொன்பது பங்கை வாடகையாகக் கொடுக்க வேண்டியவனுக்கு நேர்மையைப் போதிக்க நாணினான் என்பதே உண்மை. என் நேர்மையில் ஒரு பங்கு மலிவான வாடகையின் பயன் என்பதை எழுபத்தேழாவது வயதிலே அறிந்துகொண்டேன். இது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் மறைப்பதாற் பயனில்லை.

ஆகவே என் மாணவர் இட்ட கணக்குக்கு விடையை இங்கே எழுதி முடிக்கிறேன். அந்தச் சம்பளம் கொழும்பில் ஒரு வீட்டின் வாடகைக்குக் காணாது. காணச் செய்வதற்கு அவர் எதையாவது விற்க வேண்டும். ஊரிலே காணி இருப்பவர் காணியை விற்பார், நகை இருப்பவர் நகையை விற்பார். இவரிடம் விற்பதற்கு இருப்பது மாலைப்பொழுது ஒன்றே. அதை அவர் விற்கும்போது விலை கொடுக்க வல்ல பிள்ளை பெற்றுக்கொள்ளும். வல்லமையற்ற பிள்ளை பகல் வகுப்பின் பின்வாங்கில் இருந்துகொண்டு, தனக்குக் கணக்கு வராதென்று முடிவுசெய்துவிடும். வீட்டுப்படியும் ஆசிரியர் இல்லமும் நான் கேட்பது ஆசிரியருக்காக மட்டுமென்று எண்ணாதீர்கள். அந்தப் பின்வாங்குப் பிள்ளைக்காகவும் கேட்கிறேன்.